விழுந்த பையன்கள் எங்கே?

செவ்வாய்க்கிழமை நாளிதழைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு துண்டறிக்கை விழுந்தது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் குழு உணர்வைக் கற்றுத்தரும் முகாமாம். உச்சியில் அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் ‘ஸ்நாப் த விப்’ ஓவியம், இடது ஓரம் வெட்டப்பட்டு. அன்று முழுக்க எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

ஓவியங்களின் ஓரத்தை வெட்டுவது பற்றி நான் பல வாரம் பொருமியிருக்கிறேன். இது அவற்றையெல்லாம் மிஞ்சிவிட்டது. 1872-இல் வரைந்த படம். சிவப்பு நிறப் பள்ளிக்கூடத்தின் முன்னே பையன்கள் கைகோர்த்து ஓடுகிறார்கள், பலர் வெறுங்காலோடு. வலப்பக்கம் இருப்பவர்கள் சட்டென்று காலை ஊன்றி நிற்க, ஓட்டத்தின் வேகம் சாட்டை நுனிக்குப் பாய்வதுபோல வரிசையின் வால்வரை போய்க் கடைசிப் பையன்களைப் பிய்த்து எறிகிறது. இடது ஓரத்தில் புல்லில் உருள்கிறார்களே, அவர்களுக்காகத்தான் அந்த ஆட்டமே. அவர்களை வெட்டிவிட்டுக் ‘கைகோர்ப்போம்’ என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள்.

ஹோமர் இதை இரண்டு முறை வரைந்தார். ஓஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில், பட்லர் அருங்காட்சியகத்தில் இருப்பதில் பள்ளிக்குப் பின்னால் மலை எழுகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள சிறிய படத்தில் மலை கிடையாது. மலையை வைப்பதா வேண்டாமா என்று யோசித்த மனிதர், விழும் பையன்களை இரண்டிலும் விடவில்லை.

இதைச் சரிபார்க்கத்தான் அலமாரியிலிருந்து ஹோமர் தொகுப்பை எடுத்தேன். ‘பாய்ஸ் இன் எ பாஸ்ச்சர்’ இருக்கும் பக்கம் திறந்துகொண்டது. அதற்குப் பிறகு வேறு பக்கம் புரட்டவே இல்லை.

1874-இல் வரைந்தது, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் இரண்டு பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். ஓட்டமில்லை, ஆட்டமில்லை. தொப்பியின் நிழல் முகத்தில் விழுந்திருக்கிறது. படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறார்கள்; அது என்னவென்று ஹோமர் காட்டவில்லை.

அதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கை இன்னொருவனையும் உட்காரவைத்து வரைந்தது. 1862, அமெரிக்க உள்நாட்டுப் போர். ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழுக்காகப் போர்முனைக்குப் போய்வந்த ஹோமர், பைன் மரக்கிளையில் துப்பாக்கியோடு அமர்ந்திருக்கும் சிப்பாயை வரைந்தார். அவனும் அசையாமல்தான் இருக்கிறான். கண் மட்டும் துப்பாக்கியின் தொலைநோக்கியில். அப்படி ஒரு தொலைநோக்கி வழியாக ஹோமர் தாமே பார்த்திருக்கிறார். அது கொலைக்கு மிக நெருக்கமாகத் தோன்றியது என்று முப்பது வருடங்களுக்கு மேல் கழித்தும், 1896-இல், ஒரு கடிதத்தில் எழுதினார்.

அதைப் பார்த்த கண்தான் இந்தப் பையன்களையும் பார்த்தது என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. மரத்தின் மேல் இருந்தவன் யாரோ ஒருவன் தலையைத் தூக்குவதற்காகக் காத்திருந்தான். இவர்கள் எதற்கும் காத்திருக்கவில்லை. பள்ளி மணி எட்டாத தூரம். புல்மேல் வெயில் கிடக்கிறது.