ஊசி போட்டா ரத்தக்குழாய் முளைக்குமா?

பி.காம். படிக்கிற பயலுக்கு ரத்தக்குழாயில் என்ன வேலைன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஆனா எங்க சித்தப்பா ஒரு பேப்பர் துண்டை நீட்டி, "எலே, ஊசி போட்டா கால்ல புது ரத்தக்குழாய் முளைக்குமாமே, என்னன்னு பாரு"ன்னு கேட்டப்புறம் பார்க்காம இருக்க முடியலை.

சித்தப்பாவுக்கு 41 வயசு. தென்காசிப் பக்கம் தெருவுக்குத் தெரு பீடி சுத்துவாங்க, எங்க சித்தியும் சுத்துறாங்க. சித்தப்பாவுக்குத் தினம் ரெண்டு கட்டு வேணும். சில வருஷம் முன்னாடி நடந்தா பாதமும் கெண்டைக்காலும் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சது. நின்னா சரியாகும், நடந்தா மறுபடி வலி. வாதம்னு அவரே முடிவு பண்ணிட்டார். சாரல் விழுந்ததும் குற்றாலம், எண்ணெய்த் தேய்ப்பு, ஐந்தருவிக் குளியல். அன்னைக்கு இதமா இருக்கும், மறுநாள் பழைய கதை. கடைசியில் விரல் கறுத்து, ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

வந்தது பர்கர் நோய். (தின்கிற பர்கர் இல்லீங்க, 1908-ல் நியூயார்க்கில் இதை விரிவா எழுதின டாக்டர் லியோ பர்கர்.) புகையிலை பிடிக்கிறவங்களுக்கு, அதுவும் இளவயசிலேயே, கை கால்களின் சின்ன ரத்தக்குழாய்கள் வீங்கி அடைச்சுக்கும். குளிர் பட்டா குழாய் இன்னும் சுருங்கும். அருவித் தண்ணி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்!

சரி, பேப்பர் துண்டுக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டுதுன்னு ஆய்வகத்தில் பார்த்திருக்காங்க. ஆனா மாதவிடாய் நின்ன பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வில், கால் ரத்தக்குழாய் நோய் குறையலை. ரத்தக்கட்டியும் பக்கவாதமும்தான் கூடிச்சு. அந்த ஆய்வின் ஒரு பகுதியை 2002-ல் பாதியிலேயே நிறுத்தினாங்க. அடுத்து, குழாயை வளர்க்கிற புரதங்களோட மரபணுவைக் காலில் ஊசியா ஏத்துறது. 1990-களில் பாஸ்டனில் ஜெஃப்ரி இஸ்னர் செஞ்சப்போ உலகமே நிமிர்ந்து பார்த்தது. ஆனா அதே வழியில் இன்னொரு புரதத்தோட மரபணுவை 525 பேரிடம் சோதிச்சு 2011-ல் வெளிவந்த முடிவில், காலை இழக்கிறது குறையவே இல்லை.

நம்ம நாட்டுச் சரக்கும் உண்டு. பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ், தானம் செஞ்சவங்க எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை வளர்த்து, கெண்டைக்கால் தசையில் ஊசியாப் போடுது. பர்கர் நோய்க்கு 2016-ல் கட்டுப்பாடுகளோட அனுமதி, 2020-ல் முழு அனுமதி. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லலை.

ஆனா என் கணக்கு வேற. பீடி உள்ளே போயிட்டே இருந்தா இது ஓட்டைப் பானையில் தண்ணி ஊத்துற கதை. ஒருபக்கம் குழாய் வளர்க்கச் செலவு, மறுபக்கம் அடைக்கவும் செலவு. எந்த ஆடிட்டர் இதுக்குக் கையெழுத்துப் போடுவார்? உடம்பு சும்மா இருக்கலை. சித்தப்பா ஆஞ்சியோகிராம் படத்தில் அடைப்பைச் சுத்தி திருகாணி மாதிரி சுருண்டு சுருண்டு சின்னக் குழாய்கள் தானாவே வளர்ந்திருந்ததை டாக்டர் காட்டினார். ஊசி செய்யணும்னு நாம எதிர்பார்க்கிற வேலையை உடம்பு ஏற்கெனவே ஆரம்பிச்சிருக்கு. நாமதான் இடைஞ்சல்.

எனக்கு வேண்டியது ஒண்ணுதான். கையில் பார்க்கிற பிரஷரைச் சின்ன டாப்ளர் கருவி வச்சுக் கணுக்காலிலும் பார்க்கணும். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தா அடைப்பைச் சந்தேகிக்கலாம். பீடி சுத்துற ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது வழக்கமா நடந்தா, இன்னொரு சித்தப்பாவுக்கு விரல் கறுக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

இதையெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னேன். "அப்போ ஊசி வேண்டாங்கியா?"ன்னார். டாக்டர் சொன்னா போட்டுக்கோங்க சித்தப்பா, ஆனா அதை நம்பி ஒரு பீடிகூடப் பத்த வைக்காதீங்கன்னேன். விட்டு எட்டு மாசம் ஆச்சு. புண் ஆறினதும் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். சித்தி இன்னும் திண்ணையில் பீடி சுத்துறாங்க. தூள் வாசனை வந்ததும் சித்தப்பா எழுந்து நடக்கப் போயிடுறார்.