விடுதிக்குள் வரட்டும் காசநோய் ஆய்வு

காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது சென்னை. 1956-இல் இங்கு அமைந்த ஆய்வு மையம் 193 நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேரை சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் மீதிப் பேரை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. குணமானவர்கள் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959 முதல் வெளியான இந்த முடிவுகளோடு சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

அந்த ஆய்வில் நோயாளிக்கு ஒரு வீடு இருந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் உழைக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் பலருக்கு இருப்பது விடுதியில் ஒரு கட்டில்தான். ஒருவர் ஷிப்டுக்குக் கிளம்ப, இன்னொருவர் வந்து படுக்கிறார். இரவு வேலை முடித்தவர் பகலில் தூங்குவதற்காக ஜன்னலும் சாத்தியே கிடக்கிறது. காற்றில் பரவும் கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

தடுப்பூசி காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. ஒரகடத்தையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் 1968-இல் மாபெரும் பிசிஜி தடுப்பூசிப் பரிசோதனை தொடங்கியது. 15 ஆண்டுகள் கண்காணித்தும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு தென்படவில்லை. காசநோய்க் கிருமியின் பேரினத்தைச் சேர்ந்த, மண்ணிலும் நீரிலும் உள்ள பிற பாக்டீரியாக்கள் உடலின் எதிர்ப்பாற்றலை முன்பே பழக்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

தொற்றிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோர் உடலில் நோய் எதிர்ப்பு அணுக்கள் கிருமியைச் சுற்றிவளைத்து முடக்கிவிடுகின்றன. அந்தக் காவலைத் தளர்த்துவதில் சத்துக்குறைவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்குச் சத்துணவு கொடுத்தபோது புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்ததை 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. தூக்கம் கெட்டு, நேரம் தவறிச் சாப்பிடும் இருபது வயது உடலில் அந்தக் காவல் எத்தனை நாள் நிற்கும்? இதை ஆராய இந்த விடுதிகளைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் மாநில அரசும் தொழிலாளர் சம்மதத்தோடு நீண்டகால ஆய்வைத் தொடங்கட்டும். முடிவுகள் எதுவும் எச்.ஆர். மேசைக்குப் போகக் கூடாது.

வேலை போய்விடும் என்றால் யார் சளி மாதிரி கொடுக்க முன்வருவார்? முறையாக மருந்து சாப்பிட்டால் சில வாரங்களில் பிறருக்குத் தொற்றுவது அடங்கிவிடும். திரும்பி வருபவருக்கு வேலையும் கட்டிலும் காத்திருக்க வேண்டும். காசநோய்க்குத் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐ 80 சதவீதச் சம்பளத்தை நீண்டகாலம் தருகிறது. ஆனால் 2 ஆண்டு தொடர்ந்த வேலை, 156 நாள் சந்தா இருந்தால்தான். வந்து ஒரு வருடமான பிள்ளைக்கு 91 நாள் சாதாரண நோய்க்கால உதவி மட்டுமே; மருந்தோ 6 மாதம். அவர் இருமலை மறைக்கத்தான் செய்வார். காசநோய்க்கு மட்டுமாவது அந்த இரண்டாண்டு நிபந்தனையை இஎஸ்ஐ கழகம் உடனே நீக்க வேண்டும்.