டென்னிஸும் தீர்க்காயுளும்

நாற்பது வயதைத் தாண்டிய கனவான்களிடம் தேகப் பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலோர், "அதற்கெல்லாம் அவகாசம் ஏது, ஸார்?" என்றுதான் பதில் சொல்வார்கள். அவகாசம் இல்லாமலில்லை. தனியாக நின்றுகொண்டு கையையும் காலையும் நீட்டி மடக்குவதில் உத்ஸாகம் பிறப்பதில்லை; அவ்வளவுதான். தண்டாலும் பஸ்கியும் எடுக்க ஆரம்பித்துப் பத்தாம் நாள் வரையில் விடாமல் செய்பவரை மகா புருஷர் என்றே கொள்ளலாம்.

டென்னிஸ் ஆட்டத்திலுள்ள பெரிய சௌகரியம், அதைத் தனியாக ஆட முடியாது என்பதே. மாலை ஐந்து மணிக்கு வலைக்கு அப்புறத்தில் ஒருவர் வந்து காத்துக்கொண்டிருப்பார். அவரை ஏமாற்ற மனம் வராது. திட சங்கற்பம் செய்ய முடியாத காரியத்தைத் தாட்சண்யம் செய்துவிடுகிறது.

இது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனில் சுமார் 8,500 பேரை 25 வருஷ காலம் வரையில் கவனித்து வந்த நிபுணர்கள், 2018-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். உட்கார்ந்தே காலம் கழித்தவர்களைவிட, மெல்லோட்டம் ஓடியவர்களுக்கு ஆயுள் 3.2 வருஷம் அதிகம் என்று அவர்களுடைய கணக்குச் சொல்லிற்று. நீந்தியவர்களுக்கு 3.4, பாட்மிண்டன் ஆடியவர்களுக்கு 6.2, டென்னிஸ் ஆடியவர்களுக்கோ 9.7 வருஷம்!

இதைப் படித்துவிட்டு நேயர்கள் உடனே ராக்கெட் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். டென்னிஸ் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் கையில் காசும் ஓய்வும் உள்ளவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஆடாமலிருந்தாலும் சற்று அதிக நாள் ஜீவித்திருக்கக் கூடும். இத்தகைய வித்தியாசங்களைக் கூடியவரையில் கழித்துப் பார்த்த பிறகும், ஆட்டந்தான் ஆயுளைத் தந்தது என்று அந்த நிபுணர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. பலர் கூடி ஆடும் ஆட்டங்களே முன்னணியில் நிற்பதை மட்டும் சுட்டிக் காட்டினார்கள். தோழமையும் ஒருவகை ஔஷதமாக இருக்கலாமல்லவா?

ஆயுள் விஷயம் எப்படியானாலும், எலும்பைப் பற்றிச் சந்தேகமே இல்லை. டென்னிஸ் வீரர்களின் ராக்கெட் பிடிக்கும் கை எலும்பு, மற்றக் கையின் எலும்பைவிடக் கனத்திருக்கிறது. ருதுவாவதற்கு முன்பே ஆட ஆரம்பித்த பெண்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். முதுமையில் எலும்பு தேய்ந்து, குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பொடிந்து படுக்கும் பாட்டிமார்களை நாம் எல்லோரும் அறிவோம். அந்தத் துன்பத்துக்கு முதற்காப்பு இளம் பிராயத்திலேதான் இருக்கிறது. நம் வீடுகளிலோ, பத்து வயதில் பையனுக்கு மட்டை வாங்கித் தருகிறோம். பெண்ணை, "வெயிலில் கறுத்துப் போவாய்" என்று உள்ளே கூப்பிடுகிறோம்.

இது அந்நிய நாகரிகம் என்று சொல்வோருக்கு லீலா ராவை ஞாபகப்படுத்துகிறேன். 1934-ல் விம்பிள்டன் பந்தயத்தில் ஓர் ஆட்டத்தை ஜயித்த முதல் இந்தியப் பெண்மணி அவர். டென்னிஸில் பழகிய அவருடைய தாயார் க்ஷமா ராவோ ஸம்ஸ்கிருதத்தில் கவி பாடியவர்!

சென்னையில் 1953-ல் பிறந்த விஜய் அமிர்தராஜும் சிறு பிராயத்தில் நோயாளிக் குழந்தைதான். நுரையீரல் கோளாறினால் ஆஸ்பத்திரிக்கு அலைந்த பையன் அவர். தேகம் தேறுவதற்காகவே டென்னிஸ் மைதானத்தில் கொண்டு விடப்பட்டார். 1973-ல் விம்பிள்டனிலும் அமெரிக்கப் போட்டியிலும் கடைசி எட்டுப் பேரில் ஒருவராக நின்றார். எல்லாக் குழந்தைகளும் அப்படி ஆகிவிடப் போவதில்லை. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினால் நமக்குப் போதும்.

இருதய பலவீனம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கலாகாது. முழங்கையில் வலி கண்டால் சில நாள் ராக்கெட்டைத் தொடாதிருப்பது நலம்.

இனி இடம். நான்கு பேர் ஆடுவதற்கு 78 அடி நீளமும் 36 அடி அகலமும், சுற்றிலும் ஓடிப் பிடிக்கக் கொஞ்சம் வெளியும் வேண்டும். பள்ளிக்கூட மைதானங்களில் இதற்கு இடமுண்டு. ஆனால் பல ஊர்களில் டென்னிஸ் இன்னமும் கிளப்பு வேலிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. சந்தா கட்ட முடிந்தவருக்கே ஆரோக்கியம் என்பது என்ன நியாயம்? நகரசபைகள் பூங்காவுக்கொரு மைதானம் போட்டு, குழந்தைகளுக்கு இலவசமாகத் திறந்துவிட்டால் என்ன?

அது வரையில், வாசற் சுவர் ஒன்று இருந்தாலும் ஆரம்பித்துவிடலாம். பந்தைச் சுவரில் அடித்துத் திரும்பி வருவதை அடிக்கப் பழகுவதற்கு வேறு ஆள் தேவையில்லை. எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் நான் ஜவாப்தாரியல்ல.