கர்ணனின் ‘கங்கா’: காப்பின்னு கடந்து போகாதீங்க

மக்களே, இன்னிக்கு மருத்துவம் இல்ல, சினிமா.

1972-ல் வந்த ‘கங்கா’ பேச்செடுத்தா, சோழவரத்துல என்கிட்ட வர்ற பெரியவங்க முகம் மலர்ந்துடும். “அந்தக் குதிரை சீன் இருக்கே சார்!” பேரப் பசங்க மட்டும் “இங்கிலீஷ் படத்தோட காப்பி”ன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க.

காப்பின்னா, செர்ஜியோ லியோனி 1964-ல் எடுத்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ மட்டும் என்னவாம்? குரோசாவாவின் ‘யோஜிம்போ’தான். ஜப்பான் கம்பெனி வழக்குப் போட்டு வருமானத்துல பங்கே வாங்கிச்சு. அவர் மேதை, நம்ம கர்ணன் காமெடியா?

கர்ணன் ஒளிப்பதிவாளரா இருந்து இயக்குநரானவர். கதை தடுமாறினாலும் கேமரா தடுமாறாது. நடுவுல வர்ற பாட்டு வேகத்தைக் கெடுக்கும்தான், ஒத்துக்கறேன்.

டாக்டரா ஒரு புகார், எல்லா நாட்டு கௌபாய் படத்துக்கும் சேர்த்து: தோள்ல குண்டு பட்டவன் துணியைக் கட்டிட்டு குதிரை ஏற மாட்டான். கைக்குப் போற பெரிய ரத்தக்குழாய், நரம்புக் கற்றை எல்லாம் அந்த வழிதான். கத்தியோ கம்பியோ குத்தி நின்னா ஹீரோ மாதிரி பிடுங்காதீங்க. அசைக்காம 108-ஐ கூப்பிடுங்க.

‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) பார்த்துச் சிரிச்சீங்கல்ல? அதுல ஊர் பேரு ஏன் ஜெய்சங்கர்புரம்? ‘கங்கா’ ஹீரோ யாருன்னு பாருங்க, புரியும்.