பல்லேடியமும் பட்டமும்

“விஞ்ஞானமும் பொய்த்துவிட்டது, கடலுக்குள் வடவாமுகாக்கினி உண்டென்ற நம் புராணமே மெய்” என்று பேசுகின்றவர்களுக்குக் குளிர் அணுச்சேர்க்கை என்னும் சங்கதி ஒரு வாய்ப்பாகக் கிடைத்திருக்கின்றது. ஆகவே அதை நாமே சற்று விசாரிப்போம்.

1989-ம் வருஷம் மார்ச்சு 23-ந் தேதி அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையில் பிளைஷ்மன், பான்ஸ் என்ற இரண்டு இரசாயன நிபுணர்கள், பல்லேடியம் என்னும் உலோகத்தைக் கனநீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், சூரியனில் நடக்கும் அணுச்சேர்க்கை கண்ணாடிப் பாத்திரத்திலேயே நடக்கின்றதென்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்கள். உடனே பம்பாய்க்கு அடுத்த டிராம்பேயில், பி. கே. அய்யங்கார் தலைமையிலிருந்த பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தாரும் சோதித்து, நியூட்ரானும் டிரிட்டியமும் கண்டோமென்று அறிக்கை விட்டார்கள்.

பெரிய நிலையம், பெரிய பட்டங்கள். ஆனால் பட்டத்துக்காக நம்புவதென்றால் மடாதிபதியை மாத்திரம் ஏன் குறை சொல்ல வேண்டும்? நாமக்கல் லாரிக்காரர் சரக்கை எடைமேடையில் ஏற்றிப் பார்க்கின்றாரே தவிர, சரக்குக்காரரின் விருதுகளையா எடை போடுகின்றார்?

நாமும் நிறுத்துப் பார்ப்போம். கனநீரிலுள்ள டியூட்டீரியக் கருக்கள் சேர்ந்தால் நியூட்ரானும் டிரிட்டியமும் ஏறக்குறையச் சம அளவில் பிறக்க வேண்டும். ஒரு வாட் சூட்டுக்கு வினாடிக்கு லட்சம் கோடி நியூட்ரான் வரும். மறைப்பில்லாமல் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றவன் பிழைக்கமாட்டான். யூட்டாக்காரர்களோ சுகமாகவே இருந்தார்கள்! டிராம்பே கணக்கிலோ, டிரிட்டியத்தில் கோடியில் ஒரு பங்குதான் நியூட்ரான்.

2011-ல் சென்னையில் இக்கட்சியாரின் 16-வது சர்வதேச மாநாடும் நடந்தது. மாநாடு கூடுவது ருசுவாகுமா? கும்பமேளாவுக்கு இதைவிடக் கூட்டம் அதிகம். கூகிள் கம்பெனி பணம் கொடுத்துப் பல ஆய்வுக்கூடங்கள் சோதித்தும் ஒன்றும் அகப்படவில்லையென்று 2019-ல் வெளியாயிற்று. 2025-ல் கனடாவில், பல்லேடியத்தில் மின்சாரத்தால் டியூட்டீரியத்தை அதிகமாக ஏற்றினால் அணுச்சேர்க்கை சராசரி 15 சதவிகிதம் கூடுகின்றதென்று கண்டார்கள். ஆனால் அது வேகமான துகள்களை உலோகத்தின்மேல் மோதவிட்டு நடத்திய காரியம். செலவழித்த சக்தியில் கடுகளவுகூடத் திரும்பவில்லை.

இவ்வளவையும் மறுத்தது யார்? புராணிகர்களா? 1989 மே மாதத்திலேயே பால்டிமோரில் கூடிய பௌதிக சாஸ்திரிகளே தங்கள் இனத்தாரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். வடவாமுகாக்கினியை எந்த மடத்திலாவது யாராவது அளந்து பார்த்ததுண்டா?

பல்லேடியத்தின் இனமான இரிடியத்தின் பேரால் “கோபுரக் கலசம் கோடி கொடுக்கும்” என்று பணம் பறிக்கும் கூட்டம் இன்றும் தமிழ்நாட்டில் திரிகின்றது. சேலம், நாமக்கல் தோழர்களே! அவன் வந்தால் முதலில் எடைமேடைக்கு அழைத்துப் போங்கள்.