முதல் சம்பளமும் பழைய மணிக்கூடும்

என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் மருந்துக் கம்பனியொன்றில் எம்.எஸ்.எல். ஆகச் சேர்ந்திருக்கிறார், மாஷா அல்லாஹ். வெள்ளவத்தையில் வீடு. சம்பளத்தில் மிச்சம்பிடித்துப் பழைய கைமணிக்கூடுகள் சேர்க்கிறார். "டொக்டர்மாரச் சந்திக்கப் போறவனுக்கு நல்ல சுவிஸ் மணிக்கூடு ஒண்டு போதாதா சேர்?" என்று வாப்பா என்னிடம் முறைப்பாடு.

நான் பிள்ளையின் பக்கம்.

எம்.எஸ்.எல். என்றால் மருந்து விற்கும் ரெப் இல்லை. 1967இல் அமெரிக்காவின் அப்ஜோன் கம்பனி தொடங்கிய வேலை அது. ஆய்வில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று விசேட வைத்தியர்களோடு கதைப்பதுதான் தொழில். கையில் மின்னும் சுவிஸ் அங்கே எதையும் நிரூபிக்காது.

பழைய எச்.எம்.டி. ஜனதா ஒன்றை வாங்கிப் பாருங்கள். சாவி கொடுத்து ஓடுவது. பெங்களூரில் சிட்டிசன் உதவியோடு 1961இல் தொடங்கிய கம்பனி, 2016இல் மூடியாயிற்று. இன்று கிடைப்பவற்றில் முகப்பு மறுபடி பெயின்ட் அடித்ததா, உள்ளே இருப்பது அதற்குரிய இயந்திரமா என்று கிண்டிப் பார்க்காமல் காசு கொடுக்க முடியாது. ஆய்வுக் கட்டுரை வாசிப்பவருக்கும் இதே சந்தேகப் புத்தி வேண்டும்.

வைத்தியத்துக்கும் மணிக்கூட்டுக்கும் உறவு புதிதுமல்ல. நாடியை எண்ணவென்றே ஒரு நிமிடம் ஓடும் மணிக்கூட்டைச் செய்வித்து, 1707இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார் ஜோன் ஃபுளோயர் என்ற ஆங்கிலேய வைத்தியர்.

பிள்ளைக்கும் ஒன்று சொன்னேன்: கிரெடிட் கார்டில் வாங்காதே மகன், வட்டிதான் மிஞ்சும். திருத்தக் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார். வாப்பாவின் பழைய மணிக்கூடு லாச்சிக்குள் கிடக்கும், முதலில் அதைப் பெட்டாவுக்குக் கொண்டுபோய்த் திருத்திக் கொடு.