ஒரு கொலை... எத்தனை கையெழுத்து!

அரசியல் சதின்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? இருட்டு ரூம், தலைக்கு மேல ஆடுற ஒரு குண்டு பல்பு, மேஜை மேல ஒரு போட்டோ. நடுவுல உட்கார்ந்திருக்கற வில்லன் அந்த போட்டோ மேல சிவப்பு மையால ஒரு பெருக்கல் குறி போடுவார். அவ்ளோதான், இன்டர்வெல்!

நிஜ சதிக்கு இவ்வளவு பில்டப் கிடையாது பாஸ். அது பகல் வெளிச்சத்தில், ஆபீஸ் டேபிளில், தந்தியிலும் டிரான்ஸ்ஃபர் ஆர்டரிலும் நடக்கும். நம்ப முடியலையா? இந்த வாரம் காங்கோவுக்குப் போவோம். அந்த நாட்டின் முதல் பிரதமர் பேட்ரிஸ் லுமும்பாவின் கதை இது. மாஸ்கோவில் ஒரு யூனிவர்சிட்டிக்கே அவர் பெயர்தான்.

1925-ல் ஒரு கிராமத்தில் பிறந்தவர். போஸ்ட் ஆபீஸ் கிளார்க்காக இருந்தார். பீர் கம்பெனியில் சேல்ஸ் பார்த்தார். 1958-ல் கட்சி ஆரம்பித்து, ரெண்டே வருஷத்தில் பிரதமர் ஆனார். 1960 ஜூன் 30, காங்கோவின் சுதந்திர தினம். அவருடைய 35-வது பிறந்த நாளுக்கு இன்னும் ரெண்டு நாள் பாக்கி.

அன்றைய விழாவில் பெல்ஜியம் ராஜா மேடையேறி, காங்கோவைக் கசக்கிப் பிழிந்த தன் முன்னோர் இரண்டாம் லியோபோல்டைப் புகழ்ந்து பேசினார். நிகழ்ச்சி நிரலில் லுமும்பா பெயரே இல்லை. ஆனாலும் மைக் முன்னால் போய் நின்றார். நாங்கள் வாங்கின அடி, பட்ட அவமானம், வயிற்றுக்குப் போதாத கூலிக்குச் செய்த வேலை எதையும் மறக்கவில்லை என்று ராஜாவை வைத்துக்கொண்டே சொன்னார். அரங்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் முகம் சிவந்தது. அடுத்த ஏழு மாசத்துக்குள் அவர் உயிரோடு இல்லை!

ஒரு பேச்சுக்காகவா கொன்னாங்க? இல்லை. காரணம் ஒண்ணு இல்லை, மூணு.

முதல் காரணம், மண்ணுக்குள்ளே. காங்கோவின் தெற்கில் கட்டாங்கா மாகாணம். செம்பு, கோபால்ட், யுரேனியம் என்று கொட்டிக் கிடக்கிற பூமி. ஹிரோஷிமா குண்டுக்குப் போன யுரேனியத்தில் பெரும் பங்கு இங்கேயிருந்துதான் போனது. சுரங்கம் பெல்ஜியக் கம்பெனி கையில். சுதந்திரம் கிடைத்துப் பதினோராம் நாள், ஷோம்பே என்கிற தலைவர் 'கட்டாங்கா தனி நாடு' என்று அறிவித்தார். பின்னால் நின்றது பெல்ஜியம்.

ரெண்டாவது காரணம், பனிப்போர். நாடு உடையாமல் இருக்க லுமும்பா ஐ.நா.வைக் கேட்டார், நேரில் போய் அமெரிக்காவைக் கேட்டார். நினைத்த உதவி கிடைக்கவில்லை. சோவியத் யூனியனைக் கேட்டார். அங்கிருந்து விமானங்கள் வந்தன. வாஷிங்டனுக்கு அது போதுமானதாக இருந்தது.

மூணாவது, உள்ளூர் நாற்காலி. ஜனாதிபதி கசவுபு, செப்டம்பர் 5-ல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். செப்டம்பர் 14-ல் ராணுவத் தளபதி மொபுட்டு ஆட்சியைக் கையில் எடுத்தார். அந்த மொபுட்டுவை ராணுவத்தில் உயரத்தில் வைத்ததே லுமும்பாதான்!

லுமும்பா தப்பே செய்யாத ஆளா? அப்படியும் இல்லை. அவர் தெற்கு கசாய்க்கு அனுப்பின படை பொதுமக்களைக் கொன்றது. அதற்கு அவரிடம் கணக்குக் கேட்டிருக்கலாம், கோர்ட்டில் நிறுத்தியிருக்கலாம். நடந்தது அது இல்லை.

இப்ப சதிக்கு வருவோம். சி.ஐ.ஏ.வின் கெமிஸ்ட் ஒருத்தர் விஷத்தோடு காங்கோ தலைநகருக்கே வந்து இறங்கினார். சாப்பாட்டிலோ டூத் பேஸ்ட்டிலோ கலப்பதாகத் திட்டம். நடக்கவில்லை. விஷத்தைக் காங்கோ நதியில் வீசிவிட்டதாக அங்கிருந்த சி.ஐ.ஏ. அதிகாரி பின்னாளில் சொன்னார். பெல்ஜியத்தின் ஆப்பிரிக்க விவகார அமைச்சரோ, அக்டோபரில் ஒரு தந்தி அடித்தார். லுமும்பாவை ஒரேயடியாக ஒழித்துக்கட்டுவதே குறிக்கோள் என்பது அதன் சாரம்.

லுமும்பா வீட்டுச் சிறையில். உள்வட்டத்தில் ஐ.நா. வீரர்கள் காவல், வெளிவட்டத்தில் அவரைப் பிடிக்கக் காத்திருக்கும் மொபுட்டு ஆட்கள். நவம்பர் 27, மழை ராத்திரியில் காரில் தப்பினார். சங்குரு ஆற்றங்கரையில், மனைவிக்கும் குழந்தைக்கும் காத்திருந்ததில் பிடிபட்டார் என்கிறார்கள். ஐ.நா. படை குறுக்கே வரவில்லை.

ராணுவ முகாமில் அடைத்தார்கள். ஜனவரியில் அந்த முகாமிலேயே சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். 'விட்டால் மறுபடி வந்துவிடுவார்' என்ற பயம் எல்லோருக்கும். ஜனவரி 16, அவரைக் கட்டாங்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று பிரஸ்ஸல்ஸிலிருந்து தந்தி. 17-ம் தேதி லுமும்பாவையும், கூட்டாளிகள் எம்போலோ, ஒகிட்டோ இருவரையும் விமானத்தில் ஏற்றினார்கள். வழியெல்லாம் அடி. இறங்கிய ஏர்போர்ட்டில் ஐ.நா.வின் ஸ்வீடன் வீரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று இரவே மரத்தடியில் நிறுத்தி, ஒருவர்பின் ஒருவராகச் சுட்டார்கள். சுட்ட படைக்கு உத்தரவு கொடுத்தவர் பெல்ஜிய அதிகாரி. ஷோம்பேவும் அவருடைய அமைச்சர்களும் அங்கேயே நின்றிருந்தார்கள்.

அதோடு முடியலை. பெல்ஜியப் போலீஸ் அதிகாரி ஒருத்தர் உடல்களைத் தோண்டியெடுத்து, வெட்டி, கந்தக அமிலத்தில் கரைத்தார். 'தப்பி ஓடினார், கிராமத்து ஜனங்க கொன்னுட்டாங்க' என்று பிப்ரவரி 13-ல் உலகத்துக்கு ஒரு கதை சொன்னார்கள்.

ஃபர்ஸ்ட் இயரில் படிக்கிற சீரீஸ் சர்க்யூட் ஞாபகம் இருக்கா? பத்து ஸ்விட்ச் வரிசையா இருந்தா, பத்தும் ஆன் ஆனாத்தான் பல்பு எரியும். ஒண்ணே ஒண்ணு ஆஃப்ல இருந்தாலும் எரியாது. இந்தக் கொலை அப்படித்தான். மொபுட்டு அனுப்ப மறுத்திருந்தால், ஷோம்பே வாங்க மறுத்திருந்தால், பிரஸ்ஸல்ஸ் தந்தி அடிக்காமல் இருந்திருந்தால், ஏர்போர்ட்டில் ஐ.நா. குறுக்கே நின்றிருந்தால், யாரோ ஒருத்தர் 'மாட்டேன்' சொல்லியிருந்தால் போதும்.

யாரும் சொல்லலை. அப்புறம் கேட்டால், 'நான் என் ஸ்விட்சைத்தானே போட்டேன்!'

1975-ல் அமெரிக்க செனட் கமிட்டி, விஷத் திட்டம் நிஜம், ஆனால் கடைசிக் கொலையில் சி.ஐ.ஏ. கைக்கு ஆதாரம் இல்லை என்றது. 2001-ல் பெல்ஜிய நாடாளுமன்றக் குழு, 'தார்மிகப் பொறுப்பு' என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது. 2002-ல் பெல்ஜிய அரசு மன்னிப்புக் கேட்டது. மொபுட்டு என்ன செய்தார் தெரியுமா? 1966-ல் லுமும்பாவைத் 'தேசிய வீரர்' என்று அறிவித்தார்! 1997 வரை ஆண்டார்.

அமிலத்தில் கரைத்தாரே, அந்தப் போலீஸ் அதிகாரி, பல்லை நினைவுப் பொருளாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். 1999-ல் டி.வி.யில் அவரே சொன்னார். தங்கம் பூசிய அந்த ஒற்றைப் பல்லை 2022 ஜூனில் பெல்ஜியம் குடும்பத்திடம் கொடுத்தது. 61 வருஷம் கழித்து, ஒரு முழுச் சவப்பெட்டியில் ஒரே ஒரு பல்லை வைத்துக் கின்ஷாசாவில் அடக்கம் செய்தார்கள்.

பிள்ளைகள் 2011-ல் போட்ட வழக்கில், அன்று இளம் தூதரக அதிகாரியாக இருந்த ஒருவரைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்று பெல்ஜிய அரசு வழக்கறிஞர்கள் 2025 ஜூனில்தான் கேட்டார்கள். அதற்குள் பட்டியலில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் செத்துப் போயிருந்தார்கள்.

டிகிரி முடிச்சதும் நாமும் ஏதோ ஒரு ஆபீஸில், ஏதோ ஒரு ஸ்விட்ச் பக்கத்தில்தான் உட்காரப் போறோம். 'கையெழுத்துப் போடுங்க சார், மத்தவங்க எல்லாம் போட்டாச்சு' என்று ஒரு ஃபைல் வரும். அன்னிக்கு, வயரோட அந்த முனையில என்ன எரியுதுன்னு ஒரு தடவை எட்டிப் பார்த்துடுவோம்!